ஏழாம் நம்பர் ஜீனின் தூக்கம்

வரிசை மூன்று தெருக்களைச் சுற்றி வளைந்திருந்தது. மண்டபத்துக்குள் 'ஜீன் மாஸ்டர்' கல்லீரல்களைக் குணமாக்கிக்கொண்டிருந்தார். மருந்து இல்லை, கத்தி இல்லை. சுருதி பார்க்கும் இரண்டு கால் இரும்புக் கவை ஒன்றை மேசையில் தட்டுவார். 'ஙொய்ங்' என்று ஒலிக்கும். உடம்புக்குள் தூங்கும் காவல் மரபணு விழித்துக்கொள்ளும், புற்று பரவாது. இவ்வளவு எளிதான விஷயத்துக்கு உலகம் வீணாக நுண்ணோக்கி வாங்கிக்கொண்டிருக்கிறது.

"எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாம்டி," என்றாள் அக்கா. "கட்டி ஒரே இடத்துலதானே இருக்கு. மாஸ்டர் ஜீனை எழுப்பிட்டா அது அங்கேயே கிடக்கும்."

"இதெல்லாம் யாருக்கா உனக்குச் சொன்னா?"

"நீதான்."

உண்மை. ஆய்வுக்கூடத்தில் கல்லீரல் புற்று செல்களைத் தட்டில் வளர்ப்பது என் வேலை. செல் படலத்தின் நடுவே ஒரு கோடு கீறுவோம். இரண்டு நாளில் செல்கள் ஊர்ந்துவந்து கோட்டை மூடிவிடும். அவற்றில் அடங்கிப்போன ஒரு மரபணுவைத் தூண்டிவிட்டால் பெரும்பாலானவை நகராமல் நின்றுவிடும். இதை ஒருநாள் சாப்பிடும்போது பெருமையடித்தேன். தட்டில் நடப்பது உடம்பில் நடக்க எத்தனையோ ஆண்டுகள் ஆகலாம் என்பதைச் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டேன்.

உள்ளே முறை இதுதான். நோயாளி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வாசலில் கொடுத்த கம்பளிக் கையுறையை மாட்டி, துளை வழியே கையை மட்டும் நீட்ட வேண்டும். மாஸ்டர் தொடமாட்டார், தொட்டால் ஜீனுக்குக் கூச்சமாம். முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே, அதற்குத்தான் திரை. நோயின் பெயர் மட்டும் சீட்டில் முன்பே போய்விடும். என்ன நேர்மை.

அக்கா, துணிக்கடைப் பொம்மைகளுக்கு உடை மாட்டுபவள். திருகு கழன்ற பொம்மைக் கை ஒன்று அவள் பையில் இருந்தது. எங்கள் முறை வந்ததும் அதற்கு உறையை மாட்டினேன்.

"அடியே, என்ன பண்ற?"

"ஒரே தடவைக்கா. அப்புறம் உன் கையை நீட்டு, நான் வாயே திறக்க மாட்டேன்."

பொம்மைக் கை துளை வழியே போனது.

"அடடா, கல்லீரல்ல கட்டி," என்றார் மாஸ்டர் ஒலிபெருக்கியில். "ஏழாம் நம்பர் ஜீன் அசந்து தூங்குது. நாடி துடிக்கிறது இங்கேருந்தே தெரியுது." கூட்டம் உச்சுக்கொட்டியது. கவை ஒலித்தது. "எந்திரிச்சிடுச்சு. இனி கத்தியே வேணாம்மா."

கைதட்டல். சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் நெஞ்சும் துள்ளியது. அக்கா பிழைத்துவிட்டாள் என்று ஒரு நொடி நினைத்தேன். யாருடைய கை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் அக்கா குலுங்கினாள். அழுகிறாள் என்று திரும்பினால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவளே திரையை விலக்கி, உறையை உருவி, கையைத் தூக்கிக் காட்டினாள்.

"மாஸ்டர், இதுக்குக் கல்லீரல் எந்தப் பக்கம்? மிச்ச உடம்பு கடையில நிக்குது, போய்ப் பார்த்துட்டு வரவா?"

"பிளாஸ்டிக்குக்கும் அதிர்வு உண்டு," என்று தொடங்கினார் மாஸ்டர்.

"அப்ப என் லாரி டயரையும் எழுப்பி விடுங்க," என்று வரிசையில் நின்ற ஒரு டிரைவர் தன் உறையைக் கழற்றி மேசையில் எறிந்தார். மண்டபமே சிரித்தது. மாஸ்டர் கவையை மறந்துவிட்டுப் பின்வாசல் வழியே போனார். முன்வரிசைக்காரர் ஒருவர் மட்டும் இடத்தை விடவில்லை. "பொம்மைக்கே குணமாகுதுன்னா, நமக்கு ஆகாதா?"

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "வியாழக்கிழமை நீ கூட வரணும். பயமா இருக்குடி."

"எனக்கும்தான். வர்றேன்."

பயப்படுங்கள், தவறில்லை. போகும் இடத்துக்குப் பயத்தோடு ஒரு கேள்வியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேள்விக்குத் தனியாகச் சீட்டு எடுக்க வேண்டியதில்லை.