மாப்ளைக்குக் காட்ட ஒரு மோசமான நாள்

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் யாரும் பெயரைக் கேட்பதில்லை, வருமானத்தைத்தான் கேட்பார்கள். ஏறி, கதவைச் சாத்தி, ஏசியைக் கூட்டச் சொல்லி, காளவாசல் சிக்னல் வருவதற்குள் கேட்டுவிடுவார்கள்: "ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே வரும்?"

கேட்கிற ஆளைப் பார்த்துத்தான் என் பதில். மறித்து நிறுத்திய போலீஸ்காரர் கேட்டால் டீசலுக்கே போதவில்லை. லோன் கொடுக்கிறவர் கேட்டால் சாப்பிட நேரமில்லாத ஓட்டம். சொந்தக்காரர்கள் கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டேன். போனை எடுத்து நீட்டிவிடுவேன். அந்தக் கடைசிப் பதில்தான் என்னைக் கவிழ்த்தது.

சவாரி தருகிற ஆப்பில், அந்த வாரம் ஓடிய மொத்தத் தொகை பச்சை நிறத்தில் கொட்டை எழுத்தில் தெரியும். இருபதாயிரம், இருபத்தோராயிரம் என்று. அதில் டீசல் தெரியாது. கம்பெனிக் கமிஷன் தெரியாது. கார் டியூ, இன்சூரன்ஸ், டயர், காலியாகத் திரும்பி வந்த தூரம், என் இடுப்புக்கு நான் கட்டியிருக்கும் பெல்ட், எதுவும் தெரியாது. அத்தனையும் போக நிற்பது ஐயாயிரத்துக்குள். (வாரத்துக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

செல்லூரில் என் தங்கை செல்வி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து. அவள் வீட்டுக்காரர் இளங்கோ, எனக்கு மாப்ள. விசைத்தறி ஷெட்டில் மேஸ்திரி. சனிக்கிழமையானால் கையில் சம்பளம் வாங்குகிறவர். பேச்சுவாக்கில் அவர் கேட்க, நான் ஒரு கையில் எலும்போடு மறு கையால் போனை நீட்டினேன்.

"மச்சான், வாரத்துக்கா இம்புட்டு?"

"சுமாரான வாரம் மாப்ள" என்றேன்.

அடுத்த மாதம் செல்வி போன் செய்தாள். "அண்ணே, அவரு ஷெட்டு வேலைய விடப்போறாராம். உன்னய மாதிரி கார் எடுத்து ஓட்டப் போறாராம். என் நகைய பேங்க்ல வச்சுத்தான் முன்பணம் கட்டணும்ங்கிறாரு. நீ சொல்லு, வச்சிரவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அவளிடம் இருப்பதே ஒரு செயினும் இரண்டு வளையலும். அதே பேங்கில் என் மனைவியின் ஆரம் மூன்று வருடமாகப் படுத்திருக்கிறது. துணைக்கு இதுவும் போகப்போகிறது.

"உள்ளதச் சொல்லிருங்க. ரெண்டு நிமிச வேல" என்றாள் என் மனைவி.

இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எந்த மூஞ்சியோடு அந்த வீட்டில் கறி தின்பது? அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மாப்ளையை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுவது. புதன்கிழமை என் வண்டி பெரும்பாலும் புளியமரத்தடியில்தான் நிற்கும். ஈ ஓட்டுகிற அழகை அவரே பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விடட்டும்.

புதன்கிழமை காலை மாப்ள சலவைச் சட்டையோடு வந்தார். மேல் பாக்கெட் புடைத்திருந்தது.

"என்ன மாப்ள பையில?"

"பத்தாயிரம் மச்சான், போனஸ்ல மிச்சம் வச்சது. சாயந்திரம் அப்படியே ஷோரூம்ல எறக்கி விட்டுருங்க. வண்டி புக் பண்ணிட்டு வீட்டுக்குப் போறேன்."

சாயந்திரத்துக்குள் அவர் மனசு மாற வேண்டும். சீட் பெல்ட்டை மாட்டுவதற்குள் போன் அடித்தது. மாட்டுத்தாவணியிலிருந்து விமான நிலையம். இறக்கிவிட்ட இடத்திலேயே திரும்பச் சவாரி. ஏறிய குடும்பம் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அன்று முகூர்த்த நாள். உள்ளூர்க்காரன், இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியவன், காலண்டரைப் பார்க்காமல் கிழமையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் அன்று கால் உள்ளவன் எல்லாம் கார் தேடினான். நான் போனை அணைக்கப் பார்த்தால் மாப்ள விடவில்லை. "அடிக்குது பாருங்க மச்சான், எடுங்க எடுங்க." வழக்கமாக என்னைப் படுத்துகிற சனங்கள் அன்று மட்டும் தங்கமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொன்னார். (பத்து வருடத்தில் இது எனக்கு நேர்ந்ததே இல்லை. அவரை முறைத்தேன்.)

பதினொரு மணிக்குக் கொட்டாம்பட்டிக்கு ஒரு சவாரி வந்தது. எனக்கு உயிர் வந்தது. அங்கே போனால் திரும்பி வர ஆள் கிடைக்காது. ஐம்பது கிலோமீட்டர் காலி வண்டியை உருட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே டிரைவர்கள் கேன்சல் செய்வார்கள். நான் ஆசையாக எடுத்தேன்.

ஆளை இறக்கிவிட்டு, "இனி பாருங்க மாப்ள, மதுர வரைக்கும் நாமளும் காத்தும்தான்" என்றேன், துக்கத்தை வரவழைத்துக்கொண்டு.

நாலுவழிச் சாலையில் ஒரு வேன் பழுதாகி நின்றுபோயிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையையும் சேர்த்து ஐந்து பேர், தாம்பாளமும் கையுமாக. நான் வேகத்தைக் கூட்டினேன். மாப்ள கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் கையாட்டினார். நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

"மதுரையாண்ணே? வாங்க, ஏறுங்க. ஆயிரத்தைந்நூறு ஆகும்."

"அஞ்சு பேரு ஏத்த முடியாது மாப்ள."

"நான் மடியில ஒரு புள்ளைய வச்சுக்கிறேன் மச்சான். தொழில்னா இறங்கிச் செய்யணும்."

மடியில் யார் பிள்ளையையோ வைத்துக்கொண்டு அவர் மதுரை வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மூன்று மணிக்கு நாலாயிரத்து இருநூறு ஆகியிருந்தது. அந்த நேரத்துக்கு அவ்வளவு தொகையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"நீங்க எங்ககிட்ட கொறச்சுத்தான் சொல்லியிருக்கீங்க மச்சான். கண்ணு பட்டுரும்னுதான?"

ஷோரூம் ஒரு பாலம் தள்ளி இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "கிளட்ச்ல என்னமோ சத்தம் கேக்குது மாப்ள. பாயிட்ட ஒரு எட்டு காட்டிட்டுப் போயிருவோம்."

ரஹீம் பாய் என் பழைய மெக்கானிக். மாப்ளையை டீக்கடைப் பக்கம் நிறுத்திவிட்டு அவர் காதில் சொன்னேன். "பாய், கிளட்ச் போச்சுன்னு சொல்லுங்க. தொகை பெரிசா இருக்கட்டும்."

"அல்லாவே, எதுக்கு?"

"பெறகு சொல்றேன். இப்ப சொல்லுங்க."

பாய் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப்போய் வந்தார். மாப்ளையும் டீக்கடையிலிருந்து வந்து நின்றார். இறங்கும்போது முகம் வாடியிருந்தது. "கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சுண்ணே. ஒம்பதாயிரத்தைந்நூறு ஆகும்."

அப்படி ஒரு நடிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. மாப்ளைக்குத் தெரியாமல் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

"கண்ணடிக்காதீங்கண்ணே. நெசமாத்தான் சொல்றேன்."

நான் இன்னும் பலமாகக் கண்ணடித்தேன். பாய் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். "நாலாவது கியரப் போட்டு கிளட்ச்ச விடுங்க." விட்டேன். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தது. வண்டி ஒரு அடி நகரவில்லை.

ஐந்து பேரையும் தாம்பாளத்தையும் மாப்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்ததில் மிச்சமிருந்ததும் தேய்ந்திருக்கும். நான் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, மாப்ள ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்தார்.

"என்ன மச்சான், அன்னைக்கி இருவதாயிரம் காட்டுனீங்க. இதுக்குப் போயி இப்பிடி உக்காந்துட்டீங்க?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"மச்சான், எல்லாம் போகக் கையில எம்புட்டு நிக்கும்?"

சொன்னேன். அவர் விரல் விட்டு ஒரு கணக்குப் போட்டார்.

"எங்க ஷெட்டுல இதவிடக் கூடத் தாராங்க."

"தெரியும் மாப்ள."

"பெறகு ஏன் மச்சான் இத ஓட்டுறீங்க?"

"டியூ இருக்குல்ல. நடுவுல விட்டா வண்டியும் போகும், கட்டுனதும் போகும். ஓட்டித்தான் ஓஞ்சாகணும்."

"அன்னைக்கி இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"கறி நல்லா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மாப்ள சட்டைப் பாக்கெட்டில் கையை விட்டு அந்தப் பத்தாயிரத்தை எடுத்து பாயிடம் நீட்டினார். பாய் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார். அதில் டீ குடித்துவிட்டு, இருவரும் டவுன் பஸ் ஏறிச் செல்லூருக்குப் போனோம். செல்வியின் நகை பீரோவிலேயே இருந்தது. அந்தக் கடனை நான் அடைத்து முடிக்கிறவரை ஒவ்வொரு மாதமும், பாயிடம் நான் கண்ணடித்ததைப் பார்த்துவிட்ட மாப்ள சிரிக்காமல் கேட்பார்: "கண்ணுல இப்ப எப்பிடி மச்சான், துடிப்பு நின்னுருச்சா?"

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் என்ன வருமானம் சொன்னாலும் செல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "இது கிளட்சுக்கு முந்தியா, பிந்தியா?" ஒருத்தி ஆன்லைனில் சேலை விற்கிறேன் என்றாலும் இதுதான், ஒருவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்றாலும் இதுதான்.

போன வருடம் என் மகளைப் பெண் பார்க்க எழுமலையிலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு மாதம் நாற்பதாயிரம் என்று தரகர் சொன்னதும், காபித் தட்டோடு நின்ற செல்வி பழக்க தோஷத்தில் கேட்டேவிட்டாள். தரகர் விழித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பையனின் அப்பா மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் இருபது வருடம் வாடகை வேன் ஓட்டியவராம்.

"அது முந்தி தாயி. பிந்தின்னா இருவத்தாறு" என்றார்.

என் மனைவி உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தாள்.