ஒன்பது மணி பஸ்ஸில் ‘ஈரத்துணி’

பென் டிரைவைக் கண்டக்டர் காமராஜ் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் பால்ச்சாமிக்கு அதைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது.

“நாளைக்குக் காலைல ஒம்பது மணி ட்ரிப்புல போட்ருவோம் சார். இந்த வருசமாவது உங்க பாட்டு மடவார்வளாகம் தாண்டுமா?” என்று காமராஜ் கேட்டார்.

கேட்டதில் கிண்டல் இல்லை, அக்கறைதான் இருந்தது. பால்ச்சாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

ராஜபாளையத்தில் இசை ரசிகர் வட்டம் என்று பதினோரு பேர் இருக்கிறார்கள். டிசம்பர் பிறந்தால் ஆளுக்கு ஓர் ஆல்பத்தை ‘இந்த வருடத்தின் சிறந்த ஆல்பம்’ என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வேறு ஊராக இருந்தால் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இவர்களும் முதல் வருடம் அப்படித்தான் செய்தார்கள். பதினோரு ஆல்பத்துக்கும் தலா ஒரு ஓட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பஸ் பரீட்சை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும், டிரைவர் சோலைச்சாமி ஓட்டும் பஸ்ஸில் ஆல்பத்தைப் போட வேண்டும். பயணிகளிடம் எதுவும் சொல்லக் கூடாது. வழியில் யாராவது ஒருவர் “பாட்டை மாத்துங்க” என்று சொல்லிவிட்டால் ஆல்பம் அவுட். ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் அந்த பஸ்ஸில் ஏறக் கூடாது. ஏறினால் முறைத்தே எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார் என்பது அனுபவத்தில் கண்டது. கடைசிக்கு முந்தின ஸ்டாப்பான மடவார்வளாகத்தையும் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு வரை தாக்குப்பிடித்தால் பொன்னாடை. பொன்னாடை கிடக்கட்டும். ஜெயித்த ஆல்பத்தை ஜனவரி முழுக்கத் தினம் ஒரு ட்ரிப்பில் சோலைச்சாமி போடுவார். அதற்குத்தான் இத்தனை அடிதடியும்.

பால்ச்சாமி ஒரு பேண்டேஜ் துணி மில்லில் கணக்கர். மனிதர் நல்லவர், ஆனால் அவர் ரசனை மெதுவாக நடக்கும். ஒரு வருடம் வீணை கொண்டுவந்தார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அவுட். போன வருடம் புல்லாங்குழல். அதில் ஓர் இடத்தில் வாசிப்பவர் மூச்சை இழுத்து நிதானிப்பார். அந்த நிதானத்தில் ஓர் அம்மா எழுந்து, “தம்பி, மிசினு நின்னுபோச்சு போல, வேற போடுங்க” என்றுவிட்டாள்.

இந்த வருடம் ‘ஈரத்துணி’. நாகஸ்வரமும், வயலினுக்கு அண்ணன் மாதிரியான செல்லோவும் மட்டும். தவில் கிடையாது, பாடுகிறவர் கிடையாது. வாசித்தவர்கள் பெயரை அவர்கள் வீட்டுக்கு வெளியே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் மில் குடோனில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது பால்ச்சாமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பார்த்தவர்களிடம் பஞ்சுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தார். இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஓர் ஆள் இதைக் கேட்டு ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று அன்றிலிருந்து ஓர் ஆசை. வீட்டிலும் மில்லிலும் சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் கேட்கிற பாடாக இல்லை.

மற்றவர்கள் இந்த வருடம் ஒவ்வொருவராக விழுந்திருந்தார்கள். ஜெனிலா டீச்சரின் கோரஸ் ஆல்பம் நன்றாகத்தான் போனது. பஸ் பஞ்சராகி நின்றதில், பாட்டுதான் ராசியில்லை என்று ஒருவர் மாற்றச் சொல்லிவிட்டார். நாலு வருடமாக ஜெயித்துக்கொண்டிருந்த ராக்கப்பனின் குத்துப்பாட்டு ஆல்பத்தைக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி கடைசி நேரத்தில் நிறுத்தினாள். மிச்சம் பால்ச்சாமி மட்டும்தான்.

வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று நினைத்தார். நினைத்திருக்கக் கூடாது. மாவாட்டிக்கொண்டிருந்த மனைவி வெங்கடேஸ்வரிக்குக் கேட்கிற மாதிரி ‘ஈரத்துணி’யைச் சத்தமாகப் போட்டார். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு வந்தாள்.

“யாரு வீட்ல கேதம்? செத்தது யாரு?”

“கேதமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஆல்பம்.”

“அப்படியா. நான் சேலையை மாத்திட்டுப் போயிட்டு வந்துரலாம்னு பாத்தேன்” என்றாள். ஏமாற்றத்தோடு திரும்பப் போய் மாவைத் தள்ளினாள்.

சத்தம் குறைவாக இருந்தால் பயணிகள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று பால்ச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. டிரைவர் சோலைச்சாமி வீட்டுக்கே ஓடினார்.

“நாளைக்குச் சவுண்டை மட்டும் கொஞ்சம் கொறச்சு வைங்கண்ணே.”

“கொறைக்கவா?” என்று சோலைச்சாமி நெஞ்சில் கை வைத்தார். “வருசா வருசம் நீங்க தோக்கிறதைப் பாத்து மனசு கேக்காம நாலு ஸ்பீக்கர் புதுசா மாட்டியிருக்கேன் சார். இந்தா, இன்னைக்குத்தான் மாட்டினேன். நாளைக்கு முழுசாத் திருப்பிவிடுறேன். மம்சாபுரத்துக்காரனுக்கும் கேக்கும்.”

வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. பால்ச்சாமி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். இனி ஒரே வழிதான். அது குறுக்கு வழி.

மில்லில் மடிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள் இருளம்மாள். ஒரு சொல் சொன்னால் அவள் தெருவே திரண்டு வரும். மறியல், மனு, வளைகாப்பு எதுவானாலும் ஆள் சேர்ப்பது அவள்தான். பால்ச்சாமி விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார்.

“இம்புட்டுத்தானா. பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புல நின்னு மொத்தமா ஏறிருவோம். பஸ்ஸு முழுக்க நம்ம ஆளுகதான். ஆம்பளைகளும் வருவாங்க. பொம்பளைகளா ஏறினா சந்தேகம் வரும்” என்றாள் இருளம்மாள். “ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கிக் குடுத்துருங்கண்ணே. வில்லிபுத்தூரு வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட திரும்ப முடியுமா.”

“சரி. ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம உக்காந்திருந்தாப் போதும்.”

“பேசாம உக்காந்தா அதுவே சந்தேகந்தான். ரெண்டு பேரு கண்ணைத் தொடைக்கட்டும். ஒருத்தரு தலையாட்டட்டும். ஏண்ணே, அழுகை கொஞ்சம் கூடவே வேணும்னாலும் ஆளு இருக்கு.”

“வேண்டாம் இருளம்மா. பாட்டு நடுவுல போன் மட்டும் அடிக்கக் கூடாது. எல்லாரையும் போனை அமத்திரச் சொல்லு. நீயும் அமத்திரு. எறங்கினதும் எம்பக்கம் திரும்பாத. பின்வாசல் வழியா எறங்கி டீக்கடைப் பக்கம் போயிரு.”

“உங்களை யாருன்னே எங்களுக்குத் தெரியாது. போதுமா” என்றாள் இருளம்மாள்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ராக்கப்பனிடமிருந்து போன் வந்தது.

“என்னய்யா, ஈரத்துணியைக் கொடியில போட்டாச்சா? சோலைச்சாமி ஸ்பீக்கர் மாட்டுறதைப் பாத்தேன். உனக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்புன்னு தெரியணும்ல. நாளைக்கு நடுவரா நானே அந்த பஸ்ஸுல வாரேன்.”

அன்று வெங்கடேஸ்வரி ஊற்றிய தோசையில் பாதியைப் பால்ச்சாமி அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் முந்திய பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தார். தீபாவளி போனஸில் மிச்சமிருந்தது அப்படியே பால்கோவாவாக மாறி இரண்டு கட்டைப்பைகளில் ஏறியது. இரண்டு தோளும் இறங்க, பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றார். இருளம்மாளுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சொன்னபடி நடக்கிறவள் என்று மெச்சிக்கொண்டார்.

சோலைச்சாமியின் பஸ் பிதுங்கிக்கொண்டு வந்து நின்றது. படிக்கட்டிலும் ஆள். உள்ளே செல்லோவின் கடைசி இழுப்பு கேட்டது. அது முழுவதும் அடங்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பால்ச்சாமிக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே, காசா லேசா, பால்கோவா பேசுகிறது என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டார்.

முதலில் இறங்கியவர் நரைத்த மீசைக்காரர். கக்கத்தில் கட்டுக் காகிதம், கண் இரண்டும் சிவந்திருந்தன. அவருக்குப் பின்னால் இறங்கியவர்கள் கையிலும் மஞ்சள் பை, பத்திர நகல், வக்கீல் கொடுத்த கவர். கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிற கூட்டம் மாதிரியே இருளம்மாள் ஜோடித்துக் கூட்டி வந்திருக்கிறாள் என்று பால்ச்சாமி அசந்துபோனார்.

பால்ச்சாமி அந்த மீசைக்காரர் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். “நல்லாச் செஞ்சிய. ஆனா கண்ணு இம்புட்டுச் செவக்கணும்னு இல்ல.”

“நீங்க யாரு?”

பால்ச்சாமி கண்ணைச் சிமிட்டினார். “அதேதான். உங்களை எனக்கும் தெரியாது.”

அடுத்து ஒரு கூடைக்கார அம்மா. இறங்கியதும் யாரிடம் என்றில்லாமல் புலம்பினாள். “மடவார்வளாகத்துல எறங்க வேண்டியவ நான். அந்த வாசிப்பு முடியட்டும்னு உக்காந்துட்டேன். இப்ப வந்த வழியே நடக்கணும்.”

“சரிம்மா, எங்கிட்ட நடிக்க வேண்டாம்” என்று பொட்டலத்தை நீட்டினார்.

“நடிக்கேனா? நீ நடந்து பாரு, தெரியும்” என்று பொட்டலத்தை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

முன்வாசலில் ஒருவரும் பின்வாசலில் ஒருவருமாக ஒரே முகச்சாடையில் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். இளையவர் பால்ச்சாமியிடம் வந்து, “சார், பஸ்ஸுல ஓடுச்சே, அது யாரு வாசிச்சது, தெரியுமா? அண்ணன் கேக்கச் சொன்னாரு” என்றார். பிறகு குரலைத் தணித்து, “கெணத்துப் பங்கு கேஸு. ரெண்டு பேருக்கும் மூணு வருசமாப் பேச்சு இல்ல. பஸ்ஸுல பின்னால திரும்பி, ‘இது யாருதுன்னு கேளுடா’ன்னாரு. அதான் மொதப் பேச்சு” என்றார்.

இருளம்மாள் கதை வசனம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறாள். பால்ச்சாமி அவருக்கு இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்.

“எந்தக் கட்சி சார்? எலெக்சன் வந்துருச்சா?” என்று கேட்டபடி இன்னொருவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பைகளும் காலியானபோதுதான் ராக்கப்பன் இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

“முடிவு தெரியறதுக்கு முந்தியே ஸ்வீட்டா?” என்றார்.

“சும்மா, ஒரு சந்தோசத்துல.” பால்ச்சாமி காலிப் பைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “யாராவது மாத்தச் சொன்னாகளா?”

“ஒருத்தன் சொன்னான்.”

“எவன் அவன்?” என்றார் பால்ச்சாமி.

“நாந்தான்” என்றார் ராக்கப்பன். “சும்மா சொல்லிப் பாப்போமேன்னு வாயைத் தொறந்தேன். ‘பாட்டை’ங்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த கூடைக்காரம்மா என் வாயைப் பொத்திருச்சு. செத்த நேரம் சும்மா இருங்கய்யான்னு அதட்டு வேற. பொறவு நானும் கேட்டேன்.” அவர் வேறு பக்கம் பார்த்தார். “கேக்கக் கேக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நல்லாருக்குய்யா.”

ராக்கப்பன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதைக் கேட்க அவருடைய சம்சாரமே காத்திருக்கிறாள்.

டீக்கடை வாசலில் ஜெனிலா டீச்சர் பொன்னாடையோடு தயாராக இருந்தாள். வட்டத்தார் கைதட்ட, ராக்கப்பனே போர்த்திவிட்டார். டிரைவர் சோலைச்சாமி ஸ்பீக்கரே ஜெயித்ததைப் போல ஒரு கும்பிடு போட்டார். “ஜனவரி ஒண்ணுலேர்ந்து தெனமும் ஓடும் சார்” என்று கண்டக்டர் காமராஜ் கையைப் பிடித்துக் குலுக்கினார். பால்ச்சாமி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே மட்டும் என்னவோ அறுத்தது.

எத்தனை வருடத்து ஆசை. ஜெயித்தாயிற்று. ஆனால் அந்த பஸ்ஸில் உண்மையாகக் கேட்டவன் யார்? கேட்டதெல்லாம் பால்கோவாவுக்காக. ராக்கப்பன்கூட அந்த நாடகத்தைப் பார்த்துத்தான் மயங்கியிருக்க வேண்டும். ‘ஈரத்துணி’ வாசித்த இரண்டு பேருக்கும் தான் செய்தது துரோகம் என்று அவருக்குத் தோன்றியது. நேர்மையாகத் தோற்றிருந்தால் இன்றைக்கு இந்த டீயாவது இனித்திருக்கும்.

டம்ளரை வைத்துவிட்டுப் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார்.

“ராக்கப்பா, உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். டீச்சர், நீங்களும் கேளுங்க. அந்த பஸ்ஸுல வந்தவங்க எல்லாம்…”

அந்த நேரத்தில் ராஜபாளையத்திலிருந்து அடுத்த பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு தெருவே இறங்கியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க ஓடி வந்தாள் இருளம்மாள்.

“கோவிச்சுக்காதிய அண்ணே. கோர்ட்டுக் கூட்டத்துல பஸ்ஸு ரொம்பிப்போய், பஞ்சு மார்க்கெட்ல நாங்க கையக் கையக் காட்ட நிக்காமலே போயிருச்சு. சொல்லலாம்னா போனையும் அமத்தச் சொல்லிட்டிய. ஆளுக அம்புட்டுப் பேரும் தயாரா நிக்காங்க, எந்த பஸ்ஸுல ஏறி அழணும்னு சொல்லுங்க.”