கூலர் குழாய்க்கு நான் வரைந்த படம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை வீட்டில் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். ஆபீஸில் கற்றதை வீட்டில் செய்து காட்டாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. எனக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. டில்லி ஓக்லாவில் ஒரு சின்ன இயந்திரக் கம்பெனியில், வரைபடப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அம்மாவின் தோசைக்கல் கைப்பிடி ஆடினால்கூட, "இரும்மா, ஒரு டிராயிங் போட்டுத் தர்றேன்" என்பேன். (அம்மா அதற்குள் துணியைச் சுற்றித் தோசையைத் திருப்பியிருப்பாள்.)

அப்போது நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில், அப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். மே மாதம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்கியமான விருந்தாளி வருவதாக இருந்தது. அக்கா சித்ராவும் துவாரகாவில் இருக்கும் பிரபுவும் மூன்று வருடமாகப் பழகி, கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சரி சொல்லியாயிற்று. பிரபுவின் அம்மா மட்டும், "முதல்ல குடும்பத்தைப் பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

"அவங்களுக்கு வெயில் ஆகாதுடி. தலை சுத்தும். வந்து அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா எல்லாம் போச்சு" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களிடம் இருந்தது, ஈரத் தட்டி வழியாகக் காற்றை இழுத்து அடிக்கும் ஒரு பழைய கூலர். அதற்கான இரும்பு ஸ்டாண்டு பால்கனியில், எங்கள் ஹால் ஜன்னலுக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் சுவரோடு பதித்திருந்தது. காற்றில் பாதி எங்களுக்கு வரும், பாதி சுவருக்குப் போகும். கூலரின் வாயிலிருந்து இடது பக்கம் திரும்பி எங்கள் ஜன்னலுக்குள் நுழைகிற மாதிரி ஒரு தகரக் குழாய் போட்டால் ஹால் சிம்லாவாகிவிடும் என்று அறிவித்தேன். படமும் நானே போடுவதாகச் சொன்னேன்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். குழாய் திரும்புவதற்கு அதன் ஒரு முகத்தைச் சரிவாக வெட்ட வேண்டும். சரிவான முகத்தை நேராகப் பார்த்தும் மேலிருந்து பார்த்தும் வரைந்தால் அது சுருங்கித்தான் தெரியும், உண்மையான அளவு தெரியாது. அதனால் அந்த முகத்துக்கு எதிரே போய் நின்று பார்ப்பதுபோலத் தனியாக ஒரு படம் போடுவோம். அதற்குத் துணைத் தோற்றம் என்று பெயர். அது அந்தச் சரிவுக்கு நேர் எதிரே அதற்குரிய இடத்தில்தான் இருக்க வேண்டும். இடமில்லாமல் நகர்த்தினால், எங்கிருந்து பார்த்தது என்று அம்புக்குறியும் எழுத்தும் போட்டே ஆக வேண்டும். முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

என் தாளில் அந்த இடம் காலியாக இல்லை. என் பெயர், பதவி, தேதி, 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' (இரண்டும் நானே) எல்லாம் கொண்ட பெரிய கட்டத்தை அங்கே போட்டிருந்தேன். அதைச் சின்னதாக்க மனசு வரவில்லை. துணைத் தோற்றத்தை அப்படியே இழுத்து எதிர்ப் பக்கம் வைத்தேன். அம்புக்குறியா? தாள் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

விளைவு, அம்புக்குறி இல்லாத படத்தைப் பார்த்துத் தகரக்காரர் வெட்டியதில் மேல் விளிம்பு கீழ் விளிம்பாகப் போயிற்று. மேலே மூன்றும் கீழே இரண்டுமாக வர வேண்டிய போல்ட் துளைகள், மேலே இரண்டும் கீழே மூன்றுமாக வந்துவிட்டன. ஞாயிறு காலை அப்பா வேர்க்க விறுவிறுக்க மாட்டிப் பார்த்தார். துளை பொருந்தவில்லை. குழாயைப் புரட்டியதும் அழகாகப் பொருந்தியது. முடுக்கிவிட்டு, கூலரைப் போட்டார்.

"ஏட்டி, சத்தம் வருது, காத்து எங்கட்டி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

புரட்டியதில் குழாயின் வாய் வலது பக்கம் திரும்பியிருந்தது. மொத்தக் காற்றும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தகர வேலை செய்த பையாவுக்கு (ஹிந்தியில் அண்ணன்) போன் அடித்தேன். "மேடம்ஜி, நீங்க போட்டபடியேதான் வெட்டினேன்" என்று ஹிந்தியில் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"ஒனக்குப் படம் போடத் தெரியும்னு அந்த ஆபீஸ்ல யாருட்டி சொன்னது?" என்றார் அப்பா. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பானரை மட்டும் எடுத்து நீட்டினேன்.

அவர் கழற்றத் தொடங்குவதற்குள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்துவிட்டார். கையில் ஒரு தட்டு சூஜி (ரவை) அல்வா, கண்ணில் தண்ணீர். அவர்கள் கூலர் மோட்டார் எரிந்து ஒரு வாரமாகியிருந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்த அங்கிள் அந்த ஜன்னலடியில்தான் படுத்திருந்தார். "கேட்காமலே செய்தீர்களே" என்று ஹிந்தியில் சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டார். அப்பா ஸ்பானரை மெதுவாக வேட்டி மடிப்புக்குள் சொருகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து பிரபுவும் அவன் அம்மாவும் படியேறி வந்தார்கள். அவர் முகம் சிவந்து, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே நின்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. ஆன்ட்டி ஒரே நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டு, "ஆவோ ஜி, இதர் ஆவோ" என்று அவர் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார். பின்னாலேயே கேசரி, பஜ்ஜி, காபி டவராக்களுடன் நாங்கள் ஊர்வலமாகப் போனோம். என் அக்காவைப் பெண் பார்த்தது பக்கத்து வீட்டு ஹாலில், எங்கள் கூலர் காற்றில். தங்கள் வீடு வேகும்போது அடுத்த வீட்டுக்குக் காற்றைத் திருப்பிய குடும்பம் என்று ஆன்ட்டி எங்களைப் புகழ்ந்ததை எல்லாம் பிரபு வரி விடாமல் மொழிபெயர்த்தான். நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிரபுவின் அம்மா மனம் குளிர்ந்துதான் கிளம்பினார். ஆனால் அக்காவுக்குப் பொய்யோடு புகுந்த வீடு போக முடியாது. அன்று சாயங்காலமே அவருக்குப் போன் செய்து, "ஆன்ட்டி சொன்ன மாதிரி இல்லம்மா, தங்கச்சி படத்துல தப்புப் பண்ணிட்டா, அதான்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர், "அப்படியா, சரி" என்று வைத்துவிட்டாராம். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

பத்து நாள் கழித்து அவரே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நேரே பால்கனிக்குப் போனார். குழாய் வலது பக்கமே இருந்தது. ஆன்ட்டியின் முகத்துக்கு நேரே அதைத் திருப்ப எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கருவாடாகக் காய்ந்து கொண்டிருந்த எங்கள் நால்வரையும் ஒரு முறை பார்த்தார்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறமும் இவ்வளவு நாளா திருப்பாம வெச்சிருக்கீங்களே, அதைப் பாக்கத்தான் வந்தேன்" என்றார். "தேதி பாருங்க."

போன மாதம் துவாரகாவில் அக்கா வீட்டுக்குப் புது ஏ.சி. வந்தது. மாட்ட வந்தவர், காற்று எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டார். பதினொரு வருட அனுபவமுள்ள டிசைன் இன்ஜினியரான நான் வாயைத் திறந்தேன். அக்காவின் மாமியாரான அத்தை என் தோளை அணைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் பழகிய ஹிந்தியில் அவரிடம் சொன்னார்: "யாரை வேணும்னாலும் கேளுப்பா. இவளைக் கேட்டா ஏ.சி. இங்க இருக்கும், காத்து அடுத்த வீட்டுக்குப் போகும், நமக்குச் சம்பந்தம்தான் வரும்."