நம்பர் மட்டும்

கீழே விழுந்த ரப்பரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இடது பக்கம், ஆணியடித்து மாட்டிவைத்ததுபோல் பிடித்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பற்றி, பல்லைக் கடித்து, விட்டு விட்டு மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் நெற்றி நனைந்துவிட்டது. ரப்பர் தரையிலேயே கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டார். அழித்துத் திருத்துகிற சமாச்சாரமாக இருந்தால்தானே அதை எடுக்க வேண்டும்.

மேசைமேல் இருந்த தாளில் இரண்டே வரி. மெஷின் கொடுக்காத ஐந்தாம் மாடியில் வலியின் சராசரி நான்கு. மெஷின் கொடுத்த மூன்றாம் மாடியில் ஆறு.

கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மாடியும் நான்கில்தான் இருந்தன. படுக்கையிலிருந்து நோயாளியைத் தூக்குகிற மெஷினைக் கொடுத்து இரண்டு வாரத்தில், தூக்குகிறவர்களின் முதுகுவலி ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் சராசரி. பதினோரு வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளி, ஆள் தூக்கி, ஒருநாள் ஒரு கனத்த மனிதரைக் கட்டிலுக்கு மாற்றும்போது முதுகில் ஏதோ ‘டப்’ என்றது. அதற்குப் பிறகு பின்கட்டில் பதிவேட்டு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தூக்குவதற்கு அங்கே எதுவும் இல்லாததால் மாலை வகுப்பில் சேர்ந்து புள்ளியியல் படித்தார். படித்ததும் எதைப் பார்த்தாலும் கூட்டி வகுக்கத் தோன்றியது.

அந்தப் படிப்பால் ஒரு வெற்றியும் கிடைத்திருந்தது. லிஃப்ட் வாசலில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைக் கடிகாரம் வைத்து அளந்து, துணிமூட்டையும் தண்ணீர்க் கேனும் ஏறுவதால்தான் தாமதம் என்று நிரூபித்தார். நிர்வாகம் உடனே போர்டு மாட்டியது: ‘நோயாளிகளுக்கு மட்டும். பொருட்கள் ஏற்றக்கூடாது.’ காத்திருக்கும் நேரம் பாதியானது. லிஃப்ட்காரர் போர்டு சொன்னதற்குமேல் ஒரு படி போனார். மேலே ஒரு தலை படுத்திருந்தால்தான் தலையணையை உள்ளே விடுவார். சராசரிக்கு முதுகுக்கான டாக்டர் சீட்டு இருந்தது. அதனால் அவர் நோயாளிக் கணக்கில் ஏறிப் போய்வந்தார். படி மிதித்து வருஷக்கணக்காகிவிட்டது.

இந்த மெஷின் விஷயத்தில் வெறும் பெருமையைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்தது. கெட்டியான இரும்புத் தூண், நீளமாக ஒரு கை, அதில் தொங்கும் துணித்தொட்டில், அடியில் சக்கரம். கைப்பிடியை நாலு தரம் அமுக்கினால் எப்பேர்ப்பட்ட ஆளும் கட்டிலைவிட்டு மேலே வந்துவிடுவார். கம்பெனி இரண்டு மாதத்துக்கு இரவல் கொடுத்திருந்தது. பலன் உண்டு என்று காட்டினால் மாடிக்கு ஒன்று வாங்கலாம், வெறும் வாய்ப்பேச்சுக்குப் பணம் கேட்க முடியாது, நம்பர் கொண்டு வாருங்கள் என்று தலைமை டாக்டரம்மா சொல்லியிருந்தார். தன் முதுகு போனது போனதுதான். இன்னும் போகாத முதுகுகள் மேலே நாற்பது இருந்தன. அதில் ஒன்று அவர் மனைவியுடையது. மூன்றாம் மாடி எலும்பு வார்டில் அவள் உதவியாளர்.

எந்த மாடிக்கு மெஷின் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார். பொண்டாட்டி மாடிக்குத்தான் போகும் என்று முன்கூட்டியே பேசியவர்களுக்காக, இரண்டு காலிலும் மாவுக்கட்டு போட்ட நோயாளி ஒருவரைச் சீட்டு எடுக்க வைத்தார். மூன்றாம் மாடிதான் வந்தது. பேசியவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

மற்றபடி எல்லாம் கறார். இரவில் மெஷின் கீழ்த்தள ஸ்டோரில் பூட்டியிருக்க வேண்டும், காலையில் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் லிஃப்டில் ஏறிப் போய் வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. ஒவ்வொருவராக வந்து நம்பர் சொல்ல வேண்டும். கதை சொல்லக்கூடாது. ஒருத்தர் கதையைக் கேட்டால் அடுத்தவர் நம்பர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் மூத்த ஆளை எல்லாரும் அண்ணன் என்பார்கள். ஒரு காலத்தில் சராசரி பிடித்த ஸ்ட்ரெச்சரின் மறுமுனை அவர் கையில்தான் இருந்தது.

“தம்பி, அந்த மெஷின் இருக்குல்ல, அத...”

“அண்ணே, நம்பர்.”

“ஆறு. எதனாலன்னா...”

“நம்பர் மட்டும்ணே. அடுத்தவங்க வாங்க.”

அடுத்து வந்தது மனைவி. வாயைத் திறந்தாள், புருஷன் உள்ளங்கையை உயர்த்தியதைப் பார்த்தாள், ஏழு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டிலும் அதே சட்டம். ராத்திரி அவள் தரையில் குப்புறப் படுத்து, கொஞ்சம் தைலம் தேய்த்துவிடச் சொன்னாள். தைலத்தில் வலி குறைந்தால் அது மெஷின் கணக்கில் போய்ச் சேரும், ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஆராய்ச்சி முடியட்டும், பாட்டில் முழுக்க தேய்க்கிறேன் என்று சொல்லி, தைலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

“இருபது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு ஒரு சொட்டு தைலம் கிடையாது. நல்லாயிருக்கு. என்னன்னா, அந்த மெஷின...”

“வேண்டாம், சொல்லாத. எனக்குத் தெரியக்கூடாது.”

“தெரியவே தெரியாது உங்களுக்கு” என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறு என்ற அந்தச் சராசரியை என்ன செய்வது என்று யோசித்தவருக்கு மெஷின்மேல் சந்தேகம் வந்தது. கைப்பிடி இறுகியிருக்கும், அமுக்கி அமுக்கியே முதுகு போகிறது. பழுதுபார்க்கும் பிரிவு கீழே இருந்தது. தினமும் மதியம் மெஷினைக் கீழே அனுப்பி, எண்ணெய் விட்டு, திருகு பார்த்து மேலே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு எழுதி அனுப்பினார். படித்துவிட்டு அண்ணன் ரொம்ப நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாராம். எண்ணெய் விட்ட பிறகு கைப்பிடி வெண்ணெய்போல் இறங்குவதாகப் பழுதுபார்ப்பவர் சொன்னார். மறு சனிக்கிழமை மூன்றாம் மாடியின் வலிச் சராசரி ஏழைத் தாண்டியது.

அப்படியானால் கோளாறு மெஷினில் இல்லை, மாடியில் என்று முடிவுக்கு வந்தார். எலும்பு வார்டு, மாவுக்கட்டுக் கனம், அதோடு அங்கே தன் மனைவி இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் நம்பரை ஏற்றிச் சொல்லலாம். இதற்கும் பாடத்தில் வழி இருந்தது. இரண்டு குழுவையும் இடம் மாற்றிவிடுவது. மெஷின் ஐந்தாம் மாடிக்குப் போகட்டும், மூன்றாம் மாடி பழையபடி கையால் தூக்கட்டும். வலி ஆளோடு இருக்கிறதா, மெஷினோடு போகிறதா என்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. மெஷின் போன ஐந்தே வாரத்தில் மூன்றாம் மாடி மூன்றுக்கு இறங்கியது. அதுவரை சாதுவாக நான்கு நான்கு என்று சொல்லிக்கொண்டிருந்த ஐந்தாம் மாடி எட்டரைக்குப் போனது. அங்கே ஒரு அம்மாள் பத்து என்று சொன்னாள். பத்துக்குமேல் கிடையாதா என்று வேறு கேட்டாள்.

கணக்குப் போட்டார். இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. மறுபடி போட்டார், அதே விடை. படித்த காலத்திலிருந்து இவ்வளவு சுத்தமான கணக்கை அவர் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு பிசிறில்லாமல் வராது. மெஷின் இருக்கும் இடத்தில் வலி, இல்லாத இடத்தில் சுகம். முதல்முறையாக ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக அவருக்கு அழுகை வந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தலைப்பையும் இடம் மாற்றி எழுதினால் போதும். ‘மெஷின் உண்டு’ இருக்கும் இடத்தில் ‘இல்லை’. மாடிக்கு ஒரு மெஷின் வந்துவிடும், கேட்க ஆளில்லை. பேனாவைக்கூட எடுத்தார். ஸ்ட்ரெச்சரில் கையை வைத்துக்கொண்டு தூக்குவதுபோல் நடிக்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்கள் விட்ட கனம் காற்றில் போகாது, மறுமுனையில் இருப்பவன் முதுகில் போய் இறங்கும். மெஷின் நிஜமாகவே முதுகை உடைக்கிறது என்றால், தலைப்பை மாற்றி எழுதி எல்லா மாடிக்கும் அதை ஏவிவிடுவதா. பேனாவை மூடி, இருந்ததை இருந்தபடியே எழுதி எடுத்துப்போய்க் கொடுத்தார்.

டாக்டரம்மா இரண்டு தரம் படித்தார்.

“அப்ப இது நோயாளியத் தூக்குது. நம்ம ஆளுங்களச் சாய்க்குது.”

“கணக்கு அப்படித்தான் சொல்லுதுங்க மேடம்.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் சொல்றதுக்கு என்னங்க இருக்கு. நான் கூட்டி வகுக்கிறவன்.”

வாங்குவதற்காகத் தயாராக வைத்திருந்த கோப்பை டாக்டரம்மா கட்டி ஓரமாக வைத்தார். கம்பெனிக்குப் போன் போனது.

மறுநாள் காலை கம்பெனி ஆள் வண்டியோடு வந்துவிட்டார். இளவயதுக்காரர், முகம் தொங்கிப்போயிருந்தது. ஐந்தாம் மாடிக்கு ஆள் அனுப்பி மெஷினைக் கீழே கொண்டுவரச் சொல்லிவிட்டு, சராசரி அவரோடு லிஃப்ட் வாசலில் நின்றார். எத்தனையோ ஆஸ்பத்திரியில் இதே மெஷின் ஓடுகிறது, எங்கேயும் இப்படி ஒரு புகார் வந்ததில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சராசரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆயிரத்தில் ஒன்று என்பது எவ்வளவு சின்னது என்று விளக்கினார்.

லிஃப்ட் கீழே வந்தது. சக்கர நாற்காலியில் ஒரு நோயாளி இறங்கினார். மேலே போய் மறுபடி வந்தது. கதவு திறந்தபோது உள்ளே லிஃப்ட்காரரைத் தவிர யாரும் இல்லை.

“மெஷின் எங்க சார்?” என்றார் கம்பெனி ஆள்.

பதில் படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. முதலில் யாரோ முக்கும் சத்தம். அடுத்து, மூலையில் பார்த்துத் திருப்பு, கையை விடாதே, இன்னும் எட்டுப் படிதான் என்று அண்ணனின் குரல். திருப்பத்தில் முதலில் இரண்டு சக்கரம் தெரிந்தது, அந்தரத்தில். நாலு பேர் தோளில் தூணும், பின்னால் தொட்டிலை அள்ளிப் பிடித்துக்கொண்டு சராசரியின் மனைவியும், ஒவ்வொரு படியாக மெஷின் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாடிக்காரர்களால் தனியாக முடியாமல் மூன்றாம் மாடியில் தோள் மாற்றியிருந்தார்கள்.

கீழே வைத்ததும் நாலு பேரும் சுவரில் சாய்ந்தார்கள். கம்பெனி ஆளுக்கு வாய் மூடவில்லை.

“என்னங்க இது? சக்கரம் வச்ச மெஷினத் தோள்லயா தூக்குவாங்க? லிஃப்ட் சும்மாதானே நிக்குது?”

அண்ணன் தாடையைத் தூக்கிக் காட்டினார். லிஃப்ட் கதவுக்குமேல் போர்டு. சராசரி தன் வெற்றியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். காலையில் மேலே, மதியம் எண்ணெய்க்காகக் கீழே, மறுபடி மேலே, ராத்திரி பூட்டுவதற்காகக் கீழே. மூன்று மாடிக்கு ஏழு. ஐந்து மாடிக்கு எட்டரை. கணக்கில் ஒரு புள்ளி பிசகில்லை.

“தினமுமா?” என்று கேட்டார்.

“நோயாளியத் தூக்க அது தங்கமான மெஷின் தம்பி. அதத் தூக்கத்தான் இன்னொரு மெஷின் வேணும்” என்றார் அண்ணன்.

“ஏண்ணே சொல்லல?”

அண்ணன் அவரையே பார்த்தார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. வண்டி காலியாகவே திரும்பட்டும், மெஷினை இன்னும் இரண்டு மாதம் விட்டுவையுங்கள், இந்தத் தடவை அது மாடியை விட்டு இறங்காது, முதலிலிருந்து நம்பர் எடுக்கிறேன் என்று சராசரி கம்பெனி ஆளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். விஷயம் எட்டியதும், கோப்பு மறுபடி மேசைக்கு வந்துவிட்டதாக டாக்டரம்மாவின் அறையிலிருந்து ஆள் வந்து சொன்னான். சராசரி ஸ்டூல் கேட்டு வாங்கி, வலிக்கிற முதுகோடு தானே ஏறி, போர்டைத் திருகு கழற்றி இறக்கினார். லிஃப்ட்காரர் யாரோ தன் சட்டையைக் கழற்றுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தவர் மனைவி பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லு, எவ்வளவு நேரமானாலும் சரி, கதையாகவே சொல்லு, கேட்கிறேன் என்றார்.

“கதையெல்லாம் வேண்டாம்” என்றாள் அவள். “நம்பர் மட்டும் சொல்றேன். அறுபது. அத்தனை ராத்திரி தைலம் நீங்க எனக்குப் பாக்கி.”