'உணரும்' என்ற வார்த்தையை எடுத்துவிடக் கோரி

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தங்கள் நெடுநாள் வாசகனும் ஓய்வுபெற்ற லிப்ட் ஆபரேட்டருமான அடியேன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலக ஏசியும் நலமென நம்புகிறேன். இங்கே எங்கள் மொட்டைமாடி அறையில் மின்விசிறி மட்டும் நலம். சுடுகாற்றை வஞ்சனையில்லாமல் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

விஷயம் என்னவென்றால், முதல் பக்க மூலையில் தினமும் வெப்பநிலை போடுகிறீர்கள். 'முப்பத்தைந்து' என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே எறும்பு சைஸில் 'உணரும் வெப்பம் நாற்பத்தேழு' என்று. என் மனைவி லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். போன வாரம் நீராவிப் பெட்டியும் கையுமாக அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். முதலாளி உங்கள் பேப்பரை விரித்து, "முப்பத்தஞ்சுதானேம்மா, இதுக்கா மயக்கம்?" என்றிருக்கிறார். கூட வேலை செய்கிறவள் கீழே இருந்த நாற்பத்தேழைக் காட்டியிருக்கிறாள். அவர் அதையும் படித்துவிட்டு, "அது உணர்றதும்மா. நீங்களா உணர்ந்தா நான் என்ன பண்ண முடியும்?" என்றாராம். ஐயா, அந்த மனுஷர் அதை மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று நினைத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்துவிட்டது, அழுகைதான் நிற்கவில்லை. "நடிக்கிறேன்னு நெனச்சுட்டாருங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னலெல்லாம் ஈரப் போர்வை கட்டி, தரையில் தண்ணீரும் ஊற்றி வைத்தேன். அறை குளிரும் என்று பார்த்தால் வெந்நீர் போட்ட குளியலறை மாதிரி ஆகிவிட்டது. பார்க்க வந்த டாக்டரம்மா, "வேர்வை காஞ்சாத்தான் உடம்பு ஆறும். காத்து முழுக்க ஈரமா இருந்தா அது எங்க போய்க் காயும்? நீங்க வேற எதுக்குங்க இன்னும் ஈரத்தைச் சேர்க்கறீங்க?" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். போர்வைகளை அவிழ்த்தேன். அப்போதுதான் இவள் ஒரே ஒரு தடவை சிரித்தாள்.

ஆகவே ஐயா, அந்த 'உணரும்' என்ற வார்த்தையைத் தூக்கிவிடுங்கள். 'உடம்பு படுகிற வெப்பம்' என்று போடுங்கள், அதையே கொட்டை எழுத்தில் போடுங்கள். இவள் பொய் சொல்லவில்லை என்று அந்த முதலாளிக்குத் தெரிந்தால் போதும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். வெயில் தணிகிறவரை லாண்டரிப் பக்கமே போகக்கூடாது என்று நேற்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சரி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றுக்கு அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றது இதுதான் முதல் தடவை, எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் என்றும் நிழலில் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இஸ்திரிக்காரம்மாவின் கணவன்

பி.கு: கடிதத்தைப் படித்துக் காட்டலாம் என்று போனால் ஆளைக் காணோம். செருப்பையும் காணோம். கீழ்வீட்டுக்காரம்மா சொன்னார்: "இன்னிக்கு முப்பத்துநாலுதானாம், ஒண்ணும் ஆகாதுன்னு வேலைக்குப் போயிட்டாங்களே. நடிக்கலைன்னு காட்டணுமாம்." இன்றைய பேப்பர் மேஜைமேல் கிடக்கிறது. கீழே எறும்பு எழுத்தில் நாற்பத்தொன்பது என்று இருக்கிறது. பக்கத்திலேயே அவளுடைய மூக்குக்கண்ணாடியும் கிடக்கிறது. ஐயா, மேலே எழுதியதை அச்சில் போட்டாலும் அது இன்றைக்கு உதவாது. நான் லாண்டரிக்கு ஓடுகிறேன். தபால் பெட்டி போகிற வழியில்தான் இருக்கிறது, நிற்க நேரமிருந்தால் இதைப் போட்டுவிட்டுப் போகிறேன்.