அச்சு முறுக்கில் ஓடிய பாய்லர்

ஒரு காட்டில் கரடி ஒன்று டீக்கடை வைத்திருந்தது. காட்டில் யார் டீ குடிப்பார்கள் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கரடி பேசும் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு டீயில் வந்து தகராறு பண்ணுவது நியாயமில்லை.

கரடியின் பெயர் காத்தமுத்து. கடை ஓடைக்கரையில், நாவல் மரத்தடியில். தண்ணீர் குடிக்க வருகிற அத்தனை பேரும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும், அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. கடையில் இருந்ததெல்லாம் ஒரு பெஞ்சு, ஒரு கண்ணாடி ஜாடி நிறைய அச்சு முறுக்கு, அப்புறம் ஒரு செம்புப் பாய்லர். அந்தப் பாய்லர்தான் காத்தமுத்துவுக்கு உயிர். நடுவில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும், மூடி ஓரத்தில் 'புஸ் புஸ்' என்று ஆவி வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் காத்தமுத்துவுக்குப் பொழுது விடிந்த மாதிரி. பண்டிகை நாளில் பாய்லருக்குப் பட்டை போட்டுப் பொட்டு வைக்கும்.

"என்னைக்காவது எனக்கு ஒரு பொட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்களா?" என்று அதன் பெண்டாட்டி வெள்ளையம்மா கேட்பதுண்டு. கேட்டதும் காத்தமுத்து பாய்லரைத் துடைக்கப் போய்விடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான், நகரத்துக்குப் போயிருந்த நரி நவநீதன் பெரிய மூட்டையோடு திரும்பி வந்தது. அவிழ்த்தால் உள்ளே பூராவும் பல்சக்கரங்கள். பழைய கடிகாரத்துச் சக்கரம், சைக்கிள் சக்கரம், பித்தளைக் குழாய், முள் உடைந்த மீட்டர், கண்ணை மூடுகிற கறுப்புக் கண்ணாடி.

"இதுக்குப் பேரு ஸ்டீம்பங்க்" என்றது நரி.

"ஸ்டீம் தெரியும். பங்க்னா? பெட்ரோல் போடுற இடமா?" என்று கேட்டது காத்தமுத்து.

நரி பரிதாபமாகப் பார்த்தது. "அண்ணே, விக்டோரியா மகாராணி காலத்துல எல்லாமே நீராவிதான். அந்தக் காலத்து ஆளுங்க எதிர்காலத்தைக் கனவு கண்டா எப்படி இருக்கும்? நீராவியில பறக்கிற கப்பல், நீராவியில நடக்கிற வீடு, சாவி குடுத்தா தும்பிக்கை ஆட்டுற பித்தளை யானை. அந்தக் கனவை நாம இப்பக் கைவேலையா செய்யறோம். அதுதான் கலை."

"செஞ்சா ஓடுமா?"

"ஓடணும்னு யாரு சொன்னா?"

காத்தமுத்துவுக்கு இது விளங்கவே இல்லை. காட்டுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. முயல் காதுக்கு ஒன்றாகச் சக்கரம் மாட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டு நடந்தது. ஆமை முதுகில் புகைபோக்கி கட்டிக்கொண்டது. ஏற்கெனவே அதன் நடை ஊரறிந்தது. இப்போது புகைபோக்கி கிளையில் மாட்டும்போதெல்லாம் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. மயில் தோகை முழுக்கப் பித்தளை வளையம் கோத்துவிட்டு, அப்புறம் தோகையை விரிக்க இரண்டு குரங்குகளைக் கூலிக்கு வைத்தது. வௌவாலும் கறுப்புக் கண்ணாடி வாங்கிற்று. தலைகீழாகத் தொங்கும்போது அது கழன்று கீழே நிற்கிறவர்கள் மண்டையில் விழும். கலையாயிற்றே என்று அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நரி காத்தமுத்துவின் கடைக்கு நேர் எதிரே ஒரு கடையைத் திறந்தது. பெயர் 'நீராவி நிலையம்'. சுவர் முழுக்கச் சக்கரம், கூரை முழுக்கக் குழாய். ஒரு சக்கரமாவது சுற்ற வேண்டுமே, ஊஹூம். கூரைப் புகைபோக்கியில் மட்டும் ஜோராகப் புகை வந்தது. அது சாம்பிராணிப் புகை. தண்ணீரோ திரைக்குப் பின்னால் கரண்ட் கெட்டிலில் கொதித்தது, கரண்ட்டு வனக்காவலர் கோபுரத்து சோலார் தட்டிலிருந்து திருட்டு வயரில் வந்தது. டீயில் சாம்பிராணி வாசம் அடித்தது. குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் மறுபடி அங்கேயே போனார்கள், ஏனென்றால் அங்கே போட்டோ நன்றாக விழுந்தது.

கடைசியில் விஷயம் தலைவர் யானையார் காதுக்குப் போயிற்று. மற்றவர்களையெல்லாம் 'அது' 'இது' என்கிறேன், யானையாரை அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"ஓடைக்கரையில ரெண்டு டீக்கடை ஆகாது. கிளாஸ் கழுவுற தண்ணியெல்லாம் நான் குளிக்கிற இடத்துக்கு வருது" என்றார் யானையார். "ஒரு போட்டி வைப்போம். நீராவிக் கலைப் போட்டி. ஜெயிச்சவங்க இங்க இருக்கலாம். தோத்தவங்க மொட்டைப் பாறைக்குப் போயிடணும்."

மொட்டைப் பாறை என்றால் மர நிழல் கிடையாது, போக்குவரத்து கிடையாது, ஓணானைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. ஆனால் காத்தமுத்துவுக்குப் பயமே வரவில்லை. வீட்டுக்கு வந்து துள்ளியது.

"வெள்ளையம்மா, இந்தக் காட்டுலயே நெஜமா ஆவி வர்ற சாமான் நம்மகிட்டதான் இருக்கு. போட்டி நமக்குன்னே வச்ச மாதிரி இருக்கு!"

புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாய்லரில் முகம் தெரிகிற அளவுக்கு ஆக்கிவிட்டது.

நடுவர் கொக்கு ஏகாம்பரம். ஒற்றைக் காலில் நின்று யோசிப்பதால் அதற்கு ரசனை அதிகம் என்று பெயர். போட்டிக்கு முந்தின நாள் அது முன்னோட்டம் பார்க்க வந்தது, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு.

"சக்கரங்கள் எங்கே?" என்று கேட்டது கொக்கு.

"சக்கரம் இல்லீங்க ஐயா."

"முள் நடுங்கும் அளவுமானி?"

"அதெல்லாம் இல்லீங்க. குழாய் ஒண்ணு இருக்குங்க, பாருங்க" என்று காத்தமுத்து ஆசையாகத் திறந்துவிட்டது. வெந்நீர் கொக்கின் காலில் பட்டது. கொக்கு 'ஐயோ' என்று காலை மாற்றி நின்றது. மூடியிலிருந்து புஸ்ஸென்று வந்த ஆவி அதன் கண்ணாடியை மூடிவிட்டது.

"ஆவி பாத்தீங்களா ஐயா, நெஜ ஆவி!"

"அதுதான் இதன் பெருங்குறை" என்றது கொக்கு, கண்ணாடியைத் துடைத்தபடி. "நீராவியை நினைவூட்டுவது கலை. நீ நீராவியையே விடுகிறாய். பார்ப்பவன் கற்பனை செய்ய என்ன மிச்சம் வைத்தாய்? நாளைக் காலை தீர்ப்பு. அதற்குள் கொஞ்சமாவது கற்பனை செய்."

காத்தமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"சரி, நாலு சக்கரத்தை ஒட்டிட்டுப் போங்களேன்" என்றது வெள்ளையம்மா.

"நெஜத்தை வச்சிருக்கிறவன் எதுக்குப் பொய்யை ஒட்டணும்?"

"மொட்டைப் பாறையும் நெஜம்தான். அங்க உக்காந்து ஓணானுக்கு டீ ஆத்துறீங்களா?"

காத்தமுத்து வெட்கத்தை விட்டு நரியிடமே போய்க் கேட்டது. "உங்களுக்கு இல்லாததா அண்ணே? ஆனா பாருங்க, எல்லாம் தீந்துபோச்சே" என்று நரி நெஞ்சில் கை வைத்து வருத்தப்பட்டது. வருத்தம் உண்மை மாதிரியே இருந்தது.

வெறுங்கையோடு திரும்பினால், வெள்ளையம்மா ஜாடியில் கையை விட்டு ஓர் அச்சு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வட்டம், ஓரத்தில் பல் பல்லாக, நடுவில் ஓட்டை, நிறமும் பழைய பித்தளை.

"ஏங்க," என்றது, "வெல்லப் பாகு இருக்கில்ல?"

பாய்லரில் நேராக ஒட்டினால் பாகு வழிந்துவிடும். அதனால் அதைச் சுற்றிச் சற்றுத் தள்ளி மரப்பட்டை ஒன்றை வளைத்துக் கட்டி, அதன்மேல் முறுக்குகளைப் பல்லோடு பல் சேரும்படி ஒட்டினார்கள். இருட்டுவதற்குள் ஜாடி காலியாகிவிட்டது.

மறுநாள் காலையில் காடே ஓடைக்கரையில் கூடிவிட்டது. எல்லார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. முதலில் நீராவி நிலையத்தைப் பார்த்தார்கள். ஆகா ஓகோ என்றார்கள். சாம்பிராணியில் யானையார் இரண்டு தும்மல் போட்டார், அதற்கும் கைதட்டினார்கள். பிறகு காத்தமுத்துவின் கடைக்கு வந்தார்கள்.

கொக்கு மூக்கை நீட்டிப் பார்த்தது. "அபாரம். இது என்ன உலோகம்?"

காத்தமுத்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. "எங்க வீட்டுப் பக்குவம்ங்க" என்று வெள்ளையம்மா முந்திக்கொண்டது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு சக்கரம் அசைந்தது. மெதுவாகச் சுற்றியது. அது சுற்ற, பக்கத்துச் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றியது. அதைத் தொட்டிருந்த அடுத்ததும் சுற்றியது. காத்தமுத்து குனிந்து பார்த்தது. வெல்லத்துக்கு வந்த எறும்புக் கூட்டம் முறுக்கை எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது! அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், ஆளுக்கொரு முனையை இழுக்க, இளகிய பாகில் முறுக்கு சுற்றுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணுக்கு எறும்பு எங்கே தெரியப்போகிறது?

"சுத்துது! சுத்துது!" என்று காடே கத்தியது. இத்தனை நாளில் அந்தக் காட்டில் ஒரு சக்கரம் சுற்றியது அதுதான் முதல் தடவை. நரி வாயைத் திறந்தபடி நின்றது.

"முதற்பரிசு காத்தமுத்துவுக்கே!" என்று கொக்கு முழங்கியது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு ஒரு சக்கரத்தைப் பிடுங்கிக் கடித்துவிட்டது. மொறுக்கென்று சத்தம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று காத்தமுத்து கண்ணை மூடிக்கொண்டது.

கொக்கு யோசித்தது. பரிசு என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று, இனி முறுக்கு என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். "உண்ணத்தக்க இயந்திரம்!" என்றது. "மகாராணி காலத்தில்கூட எவருக்கும் தோன்றாத கற்பனை!"

யானையார் ஒன்றை வாயில் போட்டு மென்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றவர், தும்பிக்கையால் பாய்லரைத் தொட்டுவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஆனா இப்படிச் சூடா இருந்தா சக்கரம் என்னத்துக்கு ஆகும்? இனிமே இது காட்டுச் சொத்து. அடுப்பு பத்த வைக்கக் கூடாது."

"ஐயா, அப்ப டீ?" என்றது காத்தமுத்து.

"கலைஞன் போய் டீ ஆத்துறதா! சீச்சீ" என்று சொல்லி, மகாராணி காலத்து உயரத் தொப்பி ஒன்றை அதன் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

நரி மூட்டையைக் கட்டிக்கொண்டு மொட்டைப் பாறைக்குப் போயிற்று. காத்தமுத்து ஜெயித்துவிட்டது. நாவல் மரத்தடி அதற்கே. பாய்லரைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். தொப்பியும் கண்ணாடியுமாகக் காத்தமுத்து பக்கத்தில் நிற்க வேண்டும், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எறும்பு தின்னத் தின்ன வெள்ளையம்மா புது முறுக்கு ஒட்டும். புஸ் என்ற சத்தம் மட்டும் இல்லை. விடிந்தும் காத்தமுத்துவுக்கு விடியவில்லை. ஆளில்லாத நேரத்தில் பாய்லரைத் தொட்டுப் பார்க்கும், ஜில்லென்று இருக்கும்.

ஒரு நாள் காலை நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தொப்பியோடு மொட்டைப் பாறை ஏறியது. அங்கே நரி மூன்று கல்லை வைத்து, சட்டியை ஏற்றி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. திருட்டு வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

"வாங்கண்ணே" என்று ஒரு கிளாஸ் கொடுத்தது.

காத்தமுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. "அடப்பாவி, இது டீயா, மாட்டுக்கு வைக்கிற கழுநீரா? நகரு!"

தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தது. தூளைப் போட்டது, பொங்கி வரும்போது இறக்கி ஓர் ஆற்று ஆற்றியது. மணம் மலையடிவாரம் வரைக்கும் போயிற்று. முதலில் ஓணான் வந்தது, பிறகு முயல், பிறகு புகைபோக்கியைக் கழற்றிவைத்துவிட்டு ஆமைகூட. அன்றிலிருந்து காலையில் கீழே வெள்ளையம்மா காவல் நிற்கும் பாய்லரைப் பார்த்துப் பாராட்டுவதும், பாராட்டிய களைப்புக்கு மேலே ஏறி டீ குடிப்பதும் காட்டுக்கு வழக்கமாகிவிட்டது. நரி கல்லாவில் உட்கார்ந்துகொண்டது. காத்தமுத்து அதைக் கண்டுகொள்ளவில்லை, அதற்கு ஆவி வந்தால் போதும்.

ஒரு நாள் கொக்கு ஏகாம்பரம் மூச்சு வாங்க அங்கே ஏறி வந்தது. மூன்று கல்லையும், கரிப்பிடித்த சட்டியையும், மேலே எழும் ஆவியையும் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. "ஆகா..." என்று ஆரம்பித்தது.

காத்தமுத்து பதறிப்போய்ச் சட்டியின் முன்னால் வந்து நின்றுகொண்டது.

"ஐயா, பாக்காதீங்க! வெறும் அடுப்பு. ரொம்ப மட்டம். கற்பனைங்கிறது துளிகூடக் கிடையாது!"

கொக்கு ஏமாற்றத்தோடு தலையை ஆட்டிவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டது.

நீதி: உங்கள் பிழைப்பு ஒழுங்காக ஓட வேண்டுமென்றால், அதை யாரும் கலை என்று பாராட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் மீறிப் பாராட்டிவிட்டால், எறும்புகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடத்தில் அடுப்பு மூட்டுங்கள்.