எட்டில் ஒரு பங்கும் பேப்பரில் வந்த நாலு பிள்ளைகளும்

மாத்தளை
18.8.1962

மதிப்புக்குரிய வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் உம்மாவும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆஸியாவுக்குப் பல் முளைக்கிறது, கூடவே காய்ச்சல். போதாததற்கு இந்த வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், மாமா மௌத்தான நாளிலிருந்து கோர்ட்டுக் கடதாசி முழுக்க என் தலையில். சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்துக்கு எழுதியது, அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

மாமா மரண சாசனம் எதுவும் எழுதி வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடை, லொறி எல்லாம் அவர் பெயரில். கோர்ட் ஒருவரை நிர்வாகியாக நியமிக்கும்வரை ஒரு மூட்டை வெங்காயத்தைக்கூட விற்கக் கூடாது என்று எங்கள் வக்கீல், புரொக்டர் சபாரத்தினம் சொல்லிவிட்டார். நிர்வாகம் கேட்க முதல் உரிமை மாமிக்குத்தான். சொத்தில் மாமிக்கு எட்டில் ஒரு பங்கு, மீதி ஒரே மகனான எங்கள் வீட்டுக்காரர் மர்சூக்குக்கு. மாமி ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால் போதும், ஐந்து நிமிட வேலை என்றார் புரொக்டர். மாமி இத்தாவில் இருக்கிறார், புருஷனை இழந்தவள் என்பதால் நாலு மாதம் பத்து நாளைக்கு அந்நிய ஆண் முகம் பார்க்க மாட்டார் என்று இவர் எடுத்துச் சொன்ன பிறகு, அது பதினைந்து நிமிட வேலை என்றார். ஹோலின் நடுவில் கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினோம். இந்தப் பக்கம் புரொக்டரும் அவருடைய கிளாக்கர் மாரிமுத்துவும். அந்தப் பக்கம் மாமியும், துக்கம் விசாரிக்க வந்து கிழமைக் கணக்கில் போகாமலே இருக்கும் அடுத்த வீட்டு ஸைனம்பு மாமியும். நடுவில் தபால் கந்தோர் மாதிரி நான். மாமாவின் பெயர், மௌத்தான திகதி, எல்லாம் ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து ஆஸியா புரொக்டரின் சப்பாத்து நாடாவை வாயில் போட்டுவிட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். மாமி லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய எழுந்து போயிருக்கிறார். அது தெரியாத புரொக்டர் திரையைப் பார்த்து, "பிள்ளையள் எத்தனை பேர் அம்மா? பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு மரியாதையான மனிதர், நம் வீட்டுப் பிள்ளைகளையும் விசாரிக்கிறாரே என்று ஸைனம்பு மாமி தன் பிள்ளைகள் நாலு பேரையும் வயது வாரியாகச் சொல்லியிருக்கிறார். மகன் மர்சூக்கைத்தான் முன்பே தெரியுமே, அவரோடு சேர்த்து ஐந்து என்று மாரிமுத்து எழுதி, எல்லார் பெயருக்கு முன்னாலும் மாமாவின் பெயரைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இவர் ஏன் கேட்கவில்லை என்றால், அந்நேரம் புரொக்டரின் சப்பாத்துக்கு வேறு நாடா தேடி அலுமாரியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாராம்.

அடுத்த கிழமை தட்டெழுதி வந்த கடதாசியை நான் வாசித்தேன் வாப்பா, பொய் சொல்லக் கூடாது. எழுத்துப் பிழை மூன்றைத் திருத்தினேன். கோளேஜில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவள் என்பதைக் கிளாக்கருக்குக் காட்டுகிற அவசரத்தில் பெயர்களைப் பார்க்கவில்லை. மாமி திரைக்கு அடியால் கையை நீட்டி அறபுத் தமிழில் கையெழுத்து வைத்தார். பிறகு, உரிமையோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று கோர்ட் அறிவித்தல் பேப்பரில் வந்தது. மர்சூக்குக்குக் கீழே ஊருக்கே தெரியாத நாலு வாரிசுகள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் மாமாவுக்கு வில்கமுவையில் ஒரு குடும்பம் இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டது. அங்கே அவர் நெல் வாங்கப் போனதாகத்தான் நாங்கள் நினைத்தோமாம்.

மாமி அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டார். "நாலு மாசம் பத்து நாள நான் மட்டும் ஏன் இருக்கணும்? பாதிய அந்த வில்கமுவக்காரி இருக்கட்டும்" என்கிறார். பெயர்கள் யாருடையவை என்று கண்டுபிடித்து ஸைனம்பு மாமியையே கூட்டி வந்து ஒப்புக்கொள்ள வைத்தேன். அவர் ஒப்புக்கொண்டு, தன் பிள்ளைகளின் பங்கு எப்போது வரும் என்றும் கேட்டார். மாமி அசையவில்லை. "ஸைனம்பு வாய் தவறினது சரி. அல்லாஹ் அத அவட வாயால ஏன் சொல்ல வெச்சான்?" இதற்கு எந்தக் கோளேஜிலும் பதில் படிப்பிக்கவில்லை.

இப்போது புரொக்டருக்குப் புதுச் சத்தியக் கடதாசி வேண்டுமாம். தான் ஒரே மனைவி, மர்சூக் ஒரே பிள்ளை என்று மாமி அதில் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாத விஷயத்துக்குச் சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறார் மாமி. கடை பூட்டிக் கிடக்கிறது, வெங்காயம் முளைத்துவிட்டது, ஆஸியாவின் பால்மா கடனில் வருகிறது. மாமாவோடு பதினெட்டு வருடம் ஒரே லொறியில் சாமான் வாங்கத் திரிந்தவர் நீங்கள். அவர் எங்கே சாப்பிட்டார், எங்கே தூங்கினார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தயவு செய்து அடுத்த பஸ்ஸில் வந்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்படி ஒருத்தி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் சொல்லை மட்டும் நம்புவேன் என்கிறார் மாமி.

உம்மாவுக்கு என் ஸலாம். பேத்தியின் பல் நல்லபடி வெளியே வர ஓதி ஊதுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உங்கள் அன்பு மகள்
ஹமீமா

பி.கு: கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில், பேப்பரில் அறிவித்தலைப் பார்த்துவிட்டு கலேவெலயிலிருந்து மஸூதா என்று ஒரு பெண் வந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. தன்னை விட்டுவிட்டு யாரோ நாலு பேரைப் போட்டிருக்கிறார்களே என்று மனவருத்தம். இப்போது மாமிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். மாமாவோடு நடந்த கல்யாணத்தின் காவின் பதிவுப் பிரதியும் கொண்டு வந்திருக்கிறார், நான் வாசித்தேன், இந்த முறை பெயர்களையும் வாசித்தேன். முதலாம் சாட்சியின் கையெழுத்து, வாப்பா, என் ஸ்கூல் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு தவணையும் பார்த்த கையெழுத்து. சத்தியம் பண்ண வர வேண்டாம். ஆனால் மாமி உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறார், உம்மாவுக்கும் பதில் தெரிந்தால் நல்லதாம்: நீங்கள் மாமாவுக்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தீர்கள், மாமா உங்களுக்கு எந்த ஊரில் வைத்தார்?